ஒன்றரை ஷிப்டும் ஒரு சின்னச் சபையும்

(திருப்பூர் வட்டாரச் சபை ஊழியர்கள் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஐயமார்களுக்கும் மூப்பர்களுக்கும் வாலிபத் தம்பி தங்கச்சிகளுக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். "சின்னச் சபைகள் புதுமையாக ஊழியம் செய்வது எப்படி" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். புதுமை என்றதும் நாடகம், பொம்மலாட்டம், புரொஜெக்டர் என்று மனசு ஓடும். அதைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் சபை இருக்கிற தெருவில் ஜனங்கள் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள்?

காலை 8.30-க்கு பனியன் கம்பெனிக்குள் போனால் ஒரு ஷிப்ட் முடிய மாலை 5.30. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். வெளியே வர இரவு 8.30, 9 ஆகிவிடும். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக் குடோன்களில் ராத்திரி பகல் என்ற கணக்கே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஞாயிறு காலையில்தான் அந்த மனுஷன் தூங்க முடியும், துணி துவைக்க முடியும், சந்தைக்குப் போக முடியும். அந்த நேரம் பார்த்து நாம் ஆராதனைக்குக் கூப்பிடுகிறோம். வாரநாளில் காலை 11 மணிக்கு வீடு சந்திக்கப் போகிறோம், கதவு பூட்டியிருக்கும், நோட்டீஸைச் செருகிவிட்டு வருகிறோம். அப்புறம் ஜெபக்கூட்டத்தில், ஜனங்களுடைய மனம் கடினப்பட்டிருக்கிறது என்கிறோம். அந்த வீட்டுக்காரர் அந்நேரம் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் மனசைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது.

மாற்கு சுவிசேஷத்தில் பர்திமேயுவை நினைத்துப் பாருங்கள். எரிகோ வழியோரத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். ஆனாலும் நின்று, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடம் கேட்கிறார். ஊழியத்தில் புதுமை என்று நான் நம்புவது இந்தக் கேள்வியைத்தான். நாம் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பழகிவிட்டோம்.

எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர். செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு அக்கா, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், காலேஜ் படிக்கிற பசங்க, டெம்போ ஓட்டுகிற ஒரு அண்ணன். பணம் கிடையாது. ஆலயத்துக்குப் பின்னால் லைன் வீடுகள், ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டவை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் நிறைய, நடுநடுவே நம் ஆட்கள். அங்கே போய்க் கேட்டோம். லைன் வீட்டுக்காரரின் அம்மா, வயசான ஆத்தா, அவர் சொன்னார்: "சாமி கதையெல்லாம் அப்புறம் சொல்லு கண்ணு. இந்தப் புள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒம்பது மணி வரைக்கும் ரோட்டுலயே கெடக்குதுக. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

ஆலயத்தை ஒட்டிய ஹால் வாரம் முழுக்கப் பூட்டியே கிடந்தது. அதை மாலை 4.30-க்குத் திறக்க ஆரம்பித்தோம். சுண்டல், வீட்டுப்பாடம், விளையாட்டு. பசங்களை எடுத்துக்கொண்டு பார்த்தால் முதல் பிரச்சினை எழுத்துதான். வீட்டில் ஒடியா, தெருவில் இந்தி, வகுப்பில் தமிழ். கணக்கு நன்றாகப் போடுகிற பையன் கேள்வியையே படிக்க முடியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் வாத்தியார் அவனுக்கு 'அ'வில் இருந்து ஆரம்பித்தார். இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் ஒரு பாப்பா வருவாள். அந்தக் குழந்தைக்கு ஒரு தூளி கட்டிய பிறகுதான் அவளால் பென்சிலைப் பிடிக்க முடிந்தது.

இதை ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹாலில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும். பிள்ளையை யார் கூட்டிப் போவார்கள் என்று பெற்றோரிடம் கேட்டு, போன் நம்பரோடு எழுதி வைக்க வேண்டும். அம்மா அப்பாவில் யார் எப்போது எட்டிப் பார்த்தாலும் உள்ளே வரலாம். நல்ல எண்ணம் இருக்கிறது என்பதற்காக இதில் எதையும் தளர்த்தாதீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் வேதபாடம் நடத்துவதில்லை. பெற்றோர் படிக்கத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் வேறொன்றைச் சேர்த்துக் கொடுப்பது நேர்மை ஆகாது. "ஏன் இதைச் செய்யறீங்க" என்று அவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்கிறோம்: இயேசு எங்களுக்குச் செய்ததனால்.

இங்கே சில முகங்களில் ஒரு கேள்வி தெரிகிறது. இத்தனை செய்தும் ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள்? லூக்கா 17-ஐ எடுத்துப் பாருங்கள். பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார், அந்த வருத்தம் அவருக்கு இருந்தது. ஆனால் ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்கிற சுண்டல் தூண்டிலில் மாட்டிய புழுவாக இருந்தால், சாப்பிடுகிற பிள்ளைக்கே அது தெரிந்துவிடும். நம் பக்கத்துப் பழைய மிஷனரிகளையே பாருங்கள். லண்டன் மிஷனிலிருந்து ஆடிஸ் ஐயர் 1830-இல் கோயம்புத்தூருக்கு வந்தார். ஈரோட்டில் மிஷனரி பிரப் துரை பேரில் ஆலயம் நிற்கிறது. அங்கே அவர் பேரில் இருந்த ரோட்டை மீனாட்சிசுந்தரனார் சாலை என்று பெயர் மாற்றின பிறகும் பிரப் ரோடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்து மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்துவிட்டுப் போனவர்களில் ஞானஸ்நானம் வாங்காதவர்களே அதிகம். அவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் அந்தப் பள்ளிகளை நன்றியோடு நினைக்கிறார்கள்.

சரி, கலைக்கு வருகிறேன். திருப்பூரில் பொம்மை செய்யத் துணி வாங்க வேண்டுமா? கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பிள்ளைகளே அதைத் திணித்து, பட்டன் கண் வைத்துத் தைத்தார்கள். தைக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்களுடைய அம்மாக்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபைப் பெண்கள் நம் ஊர் கும்மி அடித்தார்கள். குறவஞ்சியில் பெத்லகேமைப் பாடின வேதநாயகம் சாஸ்திரியார் வழி வந்த நமக்கு இது புதுசே இல்லை.

நாடகம் ஒன்று போட்டோம், லைன் வீட்டு முற்றத்தில், இரவு 9 மணிக்கு மேல், மைக் இல்லாமல். யோசேப்பும் நிறைமாத மரியாளும் தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து திருப்பூரில் இறங்குகிறார்கள். வீடு வீடாக ரூம் கேட்கிறார்கள். "அட்வான்ஸ் எவ்வளவு தருவே?" "வடக்கத்தி ஆளுகளுக்கு விடறதில்லைங்க." ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜார்க்கண்ட் தம்பி குறுக்கே வந்து, அரைத் தமிழில், முதலில் ஆதார் கார்டைத்தான் கேட்பார்கள், அதைச் சேருங்கள் என்றான். சேர்த்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: யோசேப்பு பெத்லகேமுக்குப் போனதே பேர் எழுதத்தானே, ரோமப் பேரரசன் இராயன் கட்டளையிட்ட குடிமதிப்புக்கு, அதாவது ஜனக் கணக்கெடுப்புக்கு. எத்தனையோ கிறிஸ்துமஸ் செய்தி கேட்டிருக்கிறேன், அந்த வசனத்தை அந்தத் தம்பிதான் எனக்குத் திறந்து காட்டினான். சத்திரத்தில் இடமில்லை என்ற காட்சி வந்தபோது கூட்டத்தில் பேச்சே இல்லை. வீட்டுக்காரர்களும் குடியிருப்பவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியது ஞாபகம் இருக்கும். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பயந்து மூட்டை கட்டினவர்கள் எத்தனையோ பேர். அப்படி ஒரு ராத்திரியில் அந்தக் குடும்பங்கள் யார் கதவைத் தட்டும்? பேர் தெரிந்தவர் கதவைத்தான். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வசனத்தை நிறைவேற்ற முன்னாடியே பழகியிருக்க வேண்டும். சங்கடம் வந்த பிறகு ஓடிப்போய்ப் பழக முடியாது.

இன்னொன்று, சிலருக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். தைப்பூசத்துக்குக் காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு ஜனங்கள் நடந்து போகிறார்கள். அந்த ரோட்டு ஓரத்தில் நம் சபைகள் இருக்கின்றன. கேட்டைத் திறந்து தண்ணீர் வையுங்கள், கழிப்பறையைத் திறந்து விடுங்கள், முக்கியமாகப் பெண்களுக்கு. கால் வெடித்தவருக்கு மருந்து போடுங்கள். கையில் நோட்டீஸ் கொடுக்காதீர்கள். அவர் வேண்டுதலோடு போகிறவர். அந்த வேண்டுதலை மதிக்கிறதும் சாட்சிதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆள் பலம் இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சாயங்காலம் இரண்டு இரண்டு பேராக உங்கள் தெருவில் நடந்து, யார் வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் வருகிறது, அதுவரை குழந்தைகளும் முதியவர்களும் என்ன செய்கிறார்கள், எது இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பைபிள் பையில் இருக்கட்டும். அடுத்த மாதக் கூடுகைக்கு அந்த நோட்டோடு வாருங்கள். எந்த ஹாலை எப்போது திறப்பது என்று அதை வைத்துக்கொண்டு முடிவு செய்வோம்.