பையரின் நாற்காலியில் அமர்ந்து ஒரு சோதனை

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பணியாற்றுகிறேன். வெளிநாட்டு பையர்களுடன், அதாவது எங்களிடம் ஆடை வாங்குவோருடன், காணொளியில் பேசுவது என் அன்றாட வேலை. அதற்கான மென்பொருளைச் சிறுதொழில் செய்வோர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பலரும் முதலில் பார்ப்பது கட்டணத்தையும் நேரத்தையும்தான். ஜூம் செயலியின் கட்டணமில்லாத் திட்டத்தில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடினால் 60 நிமிடம். இருவர் மட்டும் பேசினால் அந்தத் தடை இல்லை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலும் குழுக் கூட்டத்துக்கு 60 நிமிடமே. விலை பேசிக்கொண்டிருக்கும்போது இணைப்பு முடிந்து, வாடிக்கையாளரை மீண்டும் அழைக்க நேர்வது மரியாதையாக இருக்காது என்பதால், மூன்று நான்கு பேர் வழக்கமாகக் கூடும் நிறுவனம் ஒருவர் பெயரிலாவது கட்டணத் திட்டம் வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு. நாம் அனுப்பும் இணைப்பைத் தொட்டவுடன், எதையும் நிறுவாமல், கணக்கும் தொடங்காமல் உலாவியிலேயே பையரால் உள்ளே வர முடிகிறதா? பெரிய நிறுவனங்களின் கணினிகளில் புதிய மென்பொருளை நிறுவப் பெரும்பாலும் அனுமதி இருப்பதில்லை. ஆகவே, நம் கணக்கில் நுழையாத வேறொரு கணினியிலிருந்து, பையரின் நாற்காலியில் அமர்ந்திருப்பதாக எண்ணி ஒருமுறை சேர்ந்து பாருங்கள். அதே சோதனையில் நம் சரக்கையும் காட்டிப் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஜெர்மனியிலிருந்து பேசிய பையர் ஒருவருக்கு போலோ சட்டையின் காலர் தையலைக் காட்ட வேண்டியிருந்தது. பின்னால் அடுக்கிக் கிடந்த பண்டல்கள் தெரிய வேண்டாமென்று பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டிருந்தேன். சட்டையைத் தூக்கிப் பிடித்ததும் மென்பொருள் அதையும் பின்னணி என்றே எடுத்துக்கொண்டது. என் முகம் தெளிவாக இருக்க, காலர் மட்டும் நீரில் கரைந்ததுபோல் கலங்கியது. "இன்னும் கொஞ்சம் அருகில்" என்று அவர் கேட்கக் கேட்க, நானும் காரணம் புரியாமல் அருகே கொண்டுபோனேன். கடைசியில் சாம்பிளைக் கூரியரில் அனுப்பினோம். ஒரு வாரம் போயிற்று.

இப்போது அந்த வசதியை அணைத்துவிட்டு, பின்னால் சாம்பல் நிறத் துணி ஒன்றைக் கட்டிவிடுகிறேன். கைப்பேசியையும் அதே கூட்டத்தில் தனியாகச் சேர்த்து, எதிரொலி வராதபடி அதன் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் அணைத்து, பின்பக்கக் கேமராவைத் தையலின் மேல் நேராகப் பிடிக்கிறேன். அப்படிப் பிடித்தால் துணியின் ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் நூல் விட்டுப்போன இடம்கூடத் தெரிகிறது. எந்த மென்பொருளானாலும் இந்த இரண்டாவது கேமரா தடையின்றி வேலை செய்கிறதா என்று பார்த்தே நான் முடிவெடுப்பேன்.

நிறத்துக்கு மட்டும் காணொளியை நம்பாதீர்கள். கேமரா வெளிச்சத்துக்கேற்ப வண்ணத்தை மாற்றிக்கொள்கிறது. காட்சியைச் சுருக்கி அனுப்புகையில் வண்ண நுணுக்கமும் குறைந்துவிடுகிறது. ஷேட் (நிற) ஒப்புதலுக்கு லேப் டிப் துணி, அதாவது சாயமிட்ட சிறு மாதிரித் துணி, பையரின் கைக்கே போய்ச் சேர வேண்டும்.

இணைய வேகத்தை அளக்கும்போது பதிவிறக்க எண்ணோடு நின்றுவிடாமல், பதிவேற்ற எண்ணையும் பாருங்கள். நம் படம் பையருக்குப் போவது அந்த வழியில்தான். மின்சாரம் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும் என்பதால் அதையும் யுபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பேசி முடித்ததை அந்தச் செயலியின் அரட்டைப் பெட்டியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். 2003-இல் தொடங்கி உலகமே பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. பையர் சொன்ன திருத்தம், காலர் அகலம், துணியின் எடையைக் குறிக்கும் ஜிஎஸ்எம், அனுப்ப வேண்டிய தேதி ஆகியவற்றை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி, அவருடைய "சரி" என்ற பதில் வந்த பிறகுதான் நான் துணியை வெட்டச் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.