எண்ணெய்க் கிணற்றில் ஒரு நண்டு வளை

நேயர்களுக்கு வணக்கம்.

நெல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். இரவெல்லாம் மடையைத் திறந்துவைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால், வயலில் பாதிகூட நனைந்திருக்காது. பக்கத்து வயல்காரர் மட்டும் வரப்பில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அவர் வயலில் கணுக்கால் அளவுக்கு நீர் நிற்கும். வரப்போரமாகத் தேடிக்கொண்டே போனால், புல் மூடிய ஓரிடத்தில் ஒரு நண்டு வளை தெரியும். இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். இரவு முழுக்கப் பாய்ந்த நீர் அந்த வழியாகப் போயிருக்கும். நீர் போதவில்லை போலும் என்று மடையை இன்னும் அகலமாகத் திறந்தால், பக்கத்து வயல்காரர் இன்னும் கொஞ்சம் சிரிப்பார், அவ்வளவுதான். ஒரு பிடி களிமண்ணை வளைக்குள் திணித்து மிதித்தால்தான் காரியம் நடக்கும்.

அந்த ஒரு பிடி களிமண்ணைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வயல்தான் வேறு. இது எண்ணெய் வயல். வளை இருப்பது ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், பாறைக்குள். கையை விட்டுத் துழாவ முடியாது. அங்கே களிமண்ணின் வேலையைச் செய்வது ஜெல் என்ற பொருள்.

தரைக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்கிறது என்று நினைப்பவர்கள் நன்றாகப் படித்தவர்களிலும் உண்டு. அப்படி இல்லை. செங்கல் நீரைக் குடித்து வைத்திருப்பதுபோலப் பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. கிணறு தோண்டிய புதிதில் அது தன் அழுத்தத்தாலேயே மேலே வரும். அழுத்தம் தணிந்த பிறகு, பக்கத்தில் வேறொரு கிணற்றின் வழியாக நீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவார்கள். சில இடங்களில் எண்ணெய்க்கு அடியில் இயற்கையாகவே கிடக்கும் நீர் அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் நீருக்குச் சிரமப்படப் பிடிக்காது. பாறையில் ஒரு விரிசல் அகப்பட்டுவிட்டால் அதையே பாதையாக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் எண்ணெய் நிறைந்த பாறை அப்படியே இருக்க, நடுவே நீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். உலகம் முழுவதும் சராசரியாகப் பார்த்தால், பாறையிலுள்ள எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மேலே வருகிறது. மீதிக்குப் பல காரணங்கள் உண்டு. இந்த நண்டு வளையும் அவற்றில் ஒன்று.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். கோதுமை வயல்களுக்கு நடுவே தலையாட்டிக்கொண்டே இருக்கும் பம்புகள் அங்கே அன்றாடக் காட்சி. 1915இல் எல் டொராடோ என்ற ஊருக்கு அருகே பெரிய அளவில் எண்ணெய் கிடைத்த காலத்திலிருந்து அந்த மாநிலம் பெருமளவில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆர்பக்கிள் என்ற ஒரே பாறைத் தொகுதியிலிருந்து வந்தது. ஆர்பக்கிள் பெரும்பாலும் டோலமைட் என்ற, சுண்ணாம்புக்கல்லை ஒத்த பாறை. பழங்காலத்தில் நீர் அரித்த பொந்துகளும் வெடிப்புகளும் அதில் நிறைய. அடியில் வற்றாத நீர். ஆக, வளையும் இருக்கிறது, வளையில் புகுவதற்குத் தயாராக நீரும் இருக்கிறது. அங்குள்ள பழைய கிணறுகள் பலவற்றில் மேலே வருவதில் 97 முதல் 99 விழுக்காடு வரை நீர்தான்.

99 விழுக்காடு என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு கிணறு நாளைக்கு 1,000 பீப்பாய் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் 10 பீப்பாய், நீர் 990 பீப்பாய். ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர். அப்படியானால் நாள்தோறும் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் நீர். நம் தெருக்களில் கோடையில் ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 13 லாரி. அத்தனையும் உப்பு நீர், எண்ணெய் கலந்த நீர். ஓடையில் விட முடியாது. வேறொரு கிணற்றின் வழியே மறுபடியும் பூமிக்குள் அனுப்ப வேண்டும். கான்சஸில் பெரும்பாலும் அதே ஆர்பக்கிளின் ஆழத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். மாநிலத்தின் தெற்கே நிலநடுக்கங்கள் பெருகியதையடுத்து, இப்படி ஆழத்தில் நீரைச் செலுத்துவதற்கு 2015இல் சில மாவட்டங்களில் அரசு வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் செய்து கிடைப்பது 10 பீப்பாய் எண்ணெய். அந்தக் கிணற்றை மூடலாமா, ஓட்டலாமா என்று முடிவு செய்வது எண்ணெய் விலை மட்டும் அல்ல, மின்கட்டண ரசீதும்தான்.

இங்கேதான் ஜெல் வருகிறது.

ஜெல் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நுங்கில் பெரும்பகுதி நீர்தான், ஆனாலும் விரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்கிறது. கான்சஸில் கிணற்றுக்குள் செலுத்தும் ஜெல்லிலும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நீர். மீதி பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர், பார்வைக்குச் சர்க்கரைபோல இருக்கும் வெள்ளைத் தூள். ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் போதும். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் மிக நீண்ட இழை, அதன் மூலக்கூறு எடை பல லட்சம் முதல் கோடிக்கு மேல் வரை போகும். நீர் சுழலும் வேகத்துக்கு ஏற்பத் தூளை மெல்லத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் கூழில் மாவு கட்டி தட்டுவதுபோலத் திரண்டுவிடும். அதன் பிறகு எத்தனை மணி நேரம் கலக்கினாலும் உள்ளே உலர்ந்த தூள்தான்.

தூள் கரைந்ததும் கிடைப்பது பிசுபிசுப்பான நீர். அது வளையை அடைக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால்தான் ஜெல் ஆகும். அந்த முடிச்சைப் போடுவது குரோமியம். இந்த வேதியியல் நமக்குப் புதிதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொட்டியில் நடப்பதும் ஏறத்தாழ இதேதான். தோலின் புரத இழைகளை மூவிணைதிறக் குரோமியம் ஒன்றோடொன்று பிணைக்கிறது, தோல் அழுகாமல் நிலைக்கிறது. இங்கே புரதத்தின் இடத்தில் பாலிமர் இழை, அவ்வளவுதான் வேறுபாடு. குரோமியம் என்றதும் ராணிப்பேட்டையின் கெட்டுப்போன நிலத்தடி நீர் உங்கள் நினைவுக்கு வந்தால் அது நியாயமே. அங்கே பெருங்கேடு செய்தது ஆறிணைதிறக் குரோமியம், கொடிய நஞ்சு. தொடக்ககால ஜெல் கலவைகளிலும் அதைத்தான் போட்டு, கிணற்றுக்குள் போன பிறகு வேறொரு பொருளால் மூவிணைதிறமாக மாற்றினார்கள். 1980களில் மாரத்தான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர் ராபர்ட் சைடான்ஸ்க்கும் அவருடைய குழுவினரும் மூவிணைதிறக் குரோமியத்தின் உப்பான குரோமியம் அசிட்டேட்டையே நேரடியாகச் சேர்த்து அந்தச் சுற்றுவழியைத் தவிர்த்தார்கள். அசிட்டேட் குரோமியத்தை எளிதில் விட்டுக்கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அதனால் ஜெல் உறையத் தாமதமாகிறது. கலவை குழாய் வழியே இறங்கிப் பாறையின் விரிசலுக்குள் போய்ச் சேர அந்தத் தாமதம் தேவை.

என் வேலை நாட்களில் பெரும்பகுதி கண்ணாடிக் குப்பிகளோடு கழிந்தது. கலவையைக் குப்பியில் ஊற்றி, மூடியை இறுக்கி, கிணற்றின் வெப்பநிலையில் வைத்த அடுப்பில் வைத்துவிட்டு, மணிக்கணக்கில், பிறகு நாள்கணக்கில் எடுத்துப் பார்ப்பது. எடுத்ததும் செய்வது ஒன்றுதான்: தலைகீழாகக் கவிழ்ப்பது. ஜெல் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு ஆங்கில எழுத்து ஏ முதல் ஜே வரை பத்து மதிப்பெண்கள். ஏ என்றால் இன்னும் வெறும் கரைசல்தான். நடுவில் வரும் எழுத்துகளில், கவிழ்த்த குப்பியின் வாய்ப்பக்கமாக ஜெல் நாக்கைப்போல நீண்டு தொங்கும், குப்பியை நிமிர்த்தினால் நாக்கு மறுபடியும் உள்ளே போய்விடும். முதல்முறை பார்க்கிற எவரும் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். கடைசி எழுத்தான ஜேயில் கவிழ்த்தாலும் மேற்பரப்பு அசையாது. விரலால் குப்பியைச் சுண்டினால் மெல்லிய ரீங்காரம் எழும், கண்ணாடியில் அதிர்வு விரலுக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் கருவிகளோடு பழகியவர்களும் குப்பியைக் காதருகே கொண்டுபோய்ச் சுண்டிப் பார்ப்பார்கள், கோயில் கடையில் வெண்கல மணி வாங்குகிறவர்களைப்போல.

நேரத்தை அளப்பது எதற்கு என்பதை ஒரு கோடையில் கற்றுக்கொண்டேன். இடம், நிறுவனம் எல்லாம் வேண்டாம். கலவை தயாராக இருந்தது, பம்பு பழுதாகிவிட்டது. இப்போது சரியாகிவிடும், இப்போது சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். வேதிவினைக்கு நம் பம்பைப் பற்றி என்ன தெரியும்? பத்து டிகிரி வெப்பம் கூடினால் காத்திருக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், வெயிலில் நின்ற தொட்டியும் சுட்டுக்கொண்டிருந்தது. மாலையில் குழாயைக் கழற்றினால் உள்ளே முழுநீளத்துக்கும் நுங்கு. குழாயை அறுத்துத்தான் எடுத்தோம். தொட்டியிலிருந்ததை மண்வெட்டியால் வாரினோம்.

இனி, பலரும் குழப்பிக்கொள்கிற ஓரிடத்துக்கு வருகிறேன். சீனாவின் தாச்சிங் எண்ணெய் வயலிலும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலுள்ள மங்களா எண்ணெய் வயலிலும் இதே பாலிமரைப் பெரிய அளவில் செலுத்துகிறார்கள். ஆனால் அங்கே முடிச்சு கிடையாது. செலுத்தும் நீரைக் கெட்டியாக்கி, அது பாறையெங்கும் பரவி எண்ணெயை ஒரே சீராகத் தள்ள வேண்டும் என்பது நோக்கம். ஜெல்லின் நோக்கம் நேர்மாறானது. அது வளைக்குள் மட்டும் போக வேண்டும், எண்ணெய் இருக்கும் பாறைக்குள் எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. ஜெல் எண்ணெயைத் தள்ளுவதே இல்லை. வழியை மறிக்கிறது. தள்ளுகிற வேலையை நீரே செய்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல், எண்ணெய் குறைந்த கிணற்றிலெல்லாம் ஜெல்லை ஊற்றி, பணமும் எண்ணெயும் இழந்தவர்கள் நிறையப் பேர்.

ஜெல்லுக்கு ஏற்ற இடம் எப்படியிருக்கும் என்பதற்கு வயோமிங் மாநிலத்தின் பிக்ஹார்ன் படுகை நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள பாறைகள் இயற்கையாகவே வெடித்தவை. செலுத்திய நீர் வெடிப்பு வழியே நேராக எண்ணெய்க் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. சைடான்ஸ்க் குழுவினர் நீர் செலுத்தும் கிணறுகளின் வழியாக ஜெல்லை அனுப்பினார்கள். ஒரு கிணற்றுக்கு ஆயிரக்கணக்கான பீப்பாய் ஜெல். 29 கிணறுகளில் செய்த இந்த வைத்தியத்தால் கூடுதலாகக் கிடைக்கும் எண்ணெய் சுமார் 37 லட்சம் பீப்பாய் என்று கணித்தார்கள்.

கான்சஸில் நிலைமை வேறு. அங்கே எண்ணெய் எடுக்கும் கிணற்றுக்குள்ளேயே ஜெல்லைச் செலுத்த வேண்டும். அதே வழியில்தான் எண்ணெயும் வர வேண்டும். நீரை மறித்து எண்ணெயை விடுமா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு விடும். ஜெல் நீரின் ஓட்டத்தைக் குறைக்கும் அளவுக்கு எண்ணெயின் ஓட்டத்தைக் குறைப்பதில்லை. நியூ மெக்சிகோ மாநிலத்தின் சோகோரோவில் ராண்டால் செரைட் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறார். எண்ணெய் அழுத்திக்கொண்டு வரும்போது ஜெல்லிலிருந்து நீரைப் பிழிந்து தனக்கென ஒரு வழி செய்துகொள்கிறது. விற்பனைக்கு வருகிறவர்கள் இதைப் பெரிய மாயமாகச் சொல்வார்கள். ஆனால் எண்ணெயையும் ஓரளவு மறிக்கத்தான் செய்யும். ஆகவே வெடிப்புள்ள கிணற்றில் பயன் தரும் இந்தத் தன்மை, வெடிப்பில்லாத சாதாரணப் பாறையில் நட்டத்தில் போய் முடியும்.

அதனால் முதல் கேள்வி ஜெல்லைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நீர் எந்த வழியாக வருகிறது என்பதே முதல் கேள்வி. கிணற்றுக் குழாயில் ஓட்டையா, குழாய்க்குப் பின்னாலுள்ள சிமெண்டில் கசிவா, பாறை வெடிப்பா, அல்லது அடிநீர் மெல்ல மெல்ல மேலே எழும்புகிறதா? குழாய் ஓட்டைக்குச் சிமெண்டே பல நேரங்களில் போதும். மெல்ல எழும்பும் அடிநீருக்கு ஜெல் அதிகம் உதவாது. 2003இல் செரைட், சைடான்ஸ்க் முதலியோர் நீர்ச் சிக்கல்களை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, எளியதை முதலில் பாருங்கள் என்று எழுதினார்கள். பிரமாதமான கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் கிணற்றடியில் நிற்கும்போது அதைத்தான் முதலில் மறந்துவிடுகிறோம். செலுத்தும் நீரில் அடையாளப் பொருள் ஒன்றைக் கலந்துவிட்டு, பக்கத்துக் கிணற்றில் அது எப்போது தலைகாட்டுகிறது என்று பார்க்கலாம். மாதக்கணக்கில் ஆனால் நீர் பாறைக்குள் ஊறிப் போகிறது. இரண்டே நாளில் வந்துவிட்டால் நண்டு வளை உறுதி.

வளையை அடைத்தால் எத்தனை நாள் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. ஆர்பக்கிள் கிணறுகளில் நீர் சட்டென்று குறையும், எண்ணெய் கூடும், பிறகு மாதங்களிலோ ஆண்டுகளிலோ நீர் மறுபடியும் ஏறும். இடைப்பட்ட காலத்தில் சின்ன பம்பு போதும், மின்கட்டணம் குறையும். அதற்காகவே செய்கிறவர்களும் உண்டு.

ஆழமும் வெப்பமும் கூடிய கிணறுகளில் சிக்கல் வேறு விதமாக வரும். அப்படி ஒரு கிணற்றுக்காகச் செய்த குப்பி, தேதி எழுதிய சீட்டோடு பல மாதம் எங்கள் அடுப்பில் இருந்தது. முதல் வாரம் சுண்டியபோது கணீரென்று ஒலித்தது. மூன்றாவது மாதம் எடுத்துப் பார்த்தபோது ஜெல் சுருங்கி அடியில் உருண்டையாகக் கிடந்தது, அதற்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த நீர். வெப்பத்தில் பாலிமர் மாறி, நீரிலிருந்த கால்சியம் அதை இறுக்கிப் பிழிந்திருந்தது. அந்தக் கிணற்றுக்கு அந்தக் கலவை வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டுக் குப்பியைக் கழுவி வைத்தோம்.

வணக்கம்.