இலுப்பைப் பூவும் சிகாகோ காவல்துறையும்

(சிகாகோ வாழ் தமிழர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பெரியோர்களே, இந்த அரங்கை வாடகையின்றித் தந்துதவிய புரவலர் அவர்களே, தமக்குரிய நேரத்தோடு என் நேரத்தையும் சேர்த்து இனிக்க இனிக்கப் பேசி அமர்ந்த கவிஞர் அவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரை நகரக் காவல்துறைக்கு இடைக்காலத் தலைவராக அமர்த்தலாமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். ஏன் அழைக்கிறார்கள், வந்தவரால் என்ன செய்ய முடிகிறது, எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

"ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்பது நம் பழமொழி. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்நகரம் மூன்று முறை இலுப்பைப் பூவைத் தேடிப் போயிருக்கிறது. 2011இல் காவல்துறைத் தலைவர் ஜோடி வைஸ் விலகியபோது, 1998 முதல் 2003 வரை அதே பதவியில் இருந்து ஓய்வு பெற்ற டெரி ஹில்லார்டை மேயர் டேலி மீண்டும் அழைத்தார். 2019இல், எடி ஜான்சனின் இடத்துக்கு, லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவராக இருந்து முந்தைய ஆண்டு ஓய்வு பெற்ற சார்லி பெக்கை மேயர் லோரி லைட்ஃபுட் வரவழைத்தார். 2023இல் டேவிட் பிரவுன் விலகிய பிறகு, இத்துறையிலேயே 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பிரெட் வாலரை மேயர் பிராண்டன் ஜான்சன் கொண்டுவந்தார்.

காரணத்தை விளக்க என் பள்ளிக்கூடத்துக் கதை போதும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தலைமையாசிரியர் நாற்காலி காலியானது. அதற்கு உரிமை கொண்டாடிய இரண்டு ஆசிரியர்களுள் ஒருவர் மணியடித்தால் மற்றவரின் வகுப்பு எழுந்திருக்காது. கடைசியில், மணியின் நாக்கையே யாரோ கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் மகிழ்ச்சியில் திளைத்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்போது, ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை ஊர் கூடி அழைத்து வந்தது. குடையை மடித்துச் சுவரில் சாய்த்தார். நாற்காலியில் அமராமல் திண்ணையில் அமர்ந்தார். இருவரையும் அழைத்து, "எனக்கு வர வேண்டிய பதவி உயர்வும் இல்லை, போக வேண்டிய மாறுதலும் இல்லை; சாவியை வையுங்கள்" என்றார். யாரிடம் சாவி இருந்தது என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. மறுநாள் மணி அடித்தது. எங்கள் மகிழ்ச்சியும் முடிந்தது.

பெக் அவர்களும் திண்ணையில் அமர்ந்தவர்தாம். நிரந்தரப் பதவி தமக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டதால், உள்ளிருந்து பதவிக்குப் போட்டியிடும் எவரும் தொடத் தயங்கும் காரியங்களைத் தொட்டார். மேலதிகாரிகளின் பரிந்துரையால் கிடைத்துவந்த 'மெரிட்' பதவி உயர்வை நிறுத்தினார். 2020 ஜனவரியில், தனிப் பிரிவுகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களை வட்டாரக் காவல் நிலையங்களுக்கு அனுப்பும் மாற்றத்தை அறிவித்தார். இலுப்பைப் பூவிலும் இனிப்பு உண்டு என்பதை இந்நகரம் கண்டது.

ஆனால், அவர் ஏப்ரலில் விடைபெற்றார். நிரந்தரத் தலைவராக வந்த பிரவுன், அந்தக் கோடையிலேயே நகரம் முழுவதற்குமான புதிய குழுக்களை அமைத்து, காவலர்களை வட்டாரங்களிலிருந்து மீண்டும் இழுத்துக்கொண்டார். வந்தவரும் போனவரும் மேயரின் மனிதர்கள். நடுவே, "அந்த ஏற்பாடு இருக்கட்டும்" என்று சொல்லும் அதிகாரத்தோடு வட்டார மக்கள் சார்பில் ஒருவரும் இல்லை. எனவே, வந்தவர் ஓய்வு பெற்றவரா இல்லையா என்பதைவிட, ஆலை கட்டும்போது, அதாவது நிரந்தரத் தலைவரைத் தேடும்போது, நாம் எங்கே இருந்தோம் என்பதே என் கேள்வி. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். என் வழக்கமான வேண்டுகோளுக்கு வந்துவிட்டேன் என்பது அவர்களுக்கும் தெரியும்.

2021இல் மாநகர மன்றம் இயற்றிய சட்டப்படி, 22 காவல் வட்டாரங்களிலும் உள்ள வட்டார மன்றங்களுக்கு, மன்றத்துக்கு மூவராக 66 பேரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் தேர்தல் 2023 பிப்ரவரியில் நடந்தது. அதே சட்டத்தால் பிறந்த எழுவர் ஆணையம்தான் அந்த ஆண்டு தலைமைப் பதவிக்கு மூவரைத் தேர்ந்து மேயரிடம் தந்தது. அவர்களுள் ஒருவரான லாரி ஸ்னெல்லிங்கைத்தான் மேயர் நியமித்தார். வாலரின் இடைக்காலம் சில மாதங்களில் முடிந்தது. ஓய்வு பெற்றவரை அழைத்ததோடு, தேடும் பொறுப்பை மக்கள் சார்ந்த ஓர் அமைப்பு ஏற்றிருந்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வட்டார மன்றங்களின் கூட்டங்கள் யாவருக்கும் திறந்தவை. நான் போனவற்றில் தமிழ் முகம் என்று ஒன்றைத்தான் கண்டிருக்கிறேன்; அதுவும் கண்ணாடிக் கதவில் தெரிந்த என் முகம். நேப்பர்வில், ஷாம்பர்க் எனப் புறநகர்ப் பக்கம் குடியிருப்போர் புன்னகைக்கிறீர்கள், உங்களை விட்டுவிடுகிறேன். நகர எல்லைக்குள் வசிப்போர் மட்டும், வாசலில் வைத்துள்ள குறிப்பேட்டில் உங்கள் பெயரையும் காவல் வட்டார எண்ணையும் எழுதிவிட்டு உணவுக்குச் செல்லுங்கள். எண் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள்; வரைபடம் கொண்டுவந்திருக்கிறேன்.