ஐரிஸ் கிழங்கு வாங்கும் முன்: மலைக்கு எது, சமவெளிக்கு எது?

[திரையில்: கைப்பேசியில் கருநீல ஐரிஸ் பூவின் விற்பனைப் படம்]

வணக்கம். ஆன்லைனில் செடி வாங்குகிற யாரும் இந்தப் படத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கருநீல இதழ், நடுவே மஞ்சள் கீற்று, கீழே "எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது" என்று ஒரு வரி. அந்த வரியை நம்பித்தான் பலர் காசை விடுகிறார்கள். நீங்கள் சென்னை, மதுரை, திருச்சி மாதிரி சமவெளி ஊரில் இருந்தால் அந்தக் கிழங்கை வாங்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் தாராளமாக வாங்கலாம். ஏன் இந்த வித்தியாசம், சமவெளிக்காரர்கள் அதற்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று பார்ப்போம்.

[திரையில்: மேசை மேல் ஒரு குமிழ்க் கிழங்கு, ஒரு ரைசோம் துண்டு, இலைகளோடு ஒரு நாற்று]

ஐரிஸ் என்றால் ஒரே செடி இல்லை. ஏறத்தாழ 300 இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பூமியின் வடபாதியில் உள்ள குளிர், மிதவெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. கடையில் "பல்பு" என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பல்புதானா என்று பாருங்கள். உருண்டையாக, பழுப்புத் தோல் மூடி, ஒரு பக்கம் கூராக இருந்தால் அது டச்சு ஐரிஸ். கட்டை கட்டையாக, முடிச்சு முடிச்சாக இருந்தால் அது இதழில் தாடி மாதிரி மயிரிழை உள்ள தாடி ஐரிஸின் ரைசோம், அதாவது படுத்தவாக்கில் வளரும் தண்டு. இஞ்சி, மஞ்சள் எல்லாம் ரைசோம்தான். இரண்டையும் நடும் விதமே வேறு. தெரியாமல் ரைசோமை ஆழக் குழி தோண்டிப் புதைத்தால் அழுகிப் போகும்.

முதலில் டச்சு ஐரிஸ். பூக்கடைகளில் பொக்கேவில் வைக்கிற நீலப் பூ இதுதான். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கத்து இனங்களைக் கலந்து நெதர்லாந்தில் உருவாக்கிய ரகங்கள். இந்தக் கிழங்குக்கு ஒரு குணம் உண்டு. டூலிப்பை எடுத்துக்கொண்டால், கிழங்கை நடுவதற்கு முன்பே அதற்குள் மொட்டு உருவாகியிருக்கும். டச்சு ஐரிஸில் அப்படி இல்லை. நாம் வாங்குகிற கிழங்குக்குள் பூவே கிடையாது. குளிர் பட்ட பிறகுதான் அது பூவை உருவாக்கவே ஆரம்பிக்கும். அதனால்தான் பூ வியாபாரத்துக்கு வளர்க்கிறவர்கள் கிழங்கைக் குளிர்கிடங்கில் 9 டிகிரி அளவில் சுமார் ஆறு வாரம் வைத்து, அப்புறம் நடுகிறார்கள்.

[திரையில்: ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் காகிதப் பை]

இங்கேதான் எல்லோரும் கேட்பார்கள்: "அப்படியென்றால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதாதா?" போதாது. ஃபிரிட்ஜ் பாதி வேலையைத்தான் செய்யும். வெளியே எடுத்து நட்ட பிறகும் குளிர்ச்சியான பகல், அதைவிடக் குளிர்ந்த இரவு வேண்டும். சென்னையில் ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்தச் சூட்டில் இலை நன்றாக வரும். மொட்டு வந்தாலும் உறைக்குள்ளேயே காய்ந்து போக வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. இந்தக் கிழங்கு நடும் காலம் அக்டோபர், நவம்பர். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. புதிதாக நட்ட கிழங்கு வாரக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆசை விடவில்லை, ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றால், மூன்றே மூன்று கிழங்கு வாங்கி, ஆறு முதல் எட்டு வாரம் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மழை ஓய்ந்த டிசம்பரில் தொட்டியில் நடுங்கள். பூத்தால் லாபம். ஓசூர் மாதிரி கொஞ்சம் உயரமான ஊர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம் கூடுதல்.

[திரையில்: கை ஒரு கிழங்கைப் புரட்டிப் பார்க்கிறது]

சரி, மலையில் இருப்பவர்களுக்கு வருகிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100. அங்கே இயற்கையே குளிர்கிடங்கு வேலையைப் பார்த்துக்கொள்ளும். நேரில் வாங்க முடிந்தால் கிழங்கைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, அளவுக்குத் தகுந்த கனத்தோடு இருக்க வேண்டும். புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள்: வேர் கிளம்பும் அந்த வட்டத் தட்டில் பெருவிரலை வைத்து அழுத்தும்போது பொதபொதவென்று உள்ளே போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேல்தோல் கொஞ்சம் உரிந்திருப்பது பெரிய குறை இல்லை. தோலுக்கு அடியில் நீலப்பச்சைப் பூசணம் இருந்தால் வேண்டாம். கிழங்கின் சுற்றளவை சென்டிமீட்டரில் குறிப்பிட்டு விற்பார்கள். 8-க்குக் குறைந்தது விலை மலிவு, ஆனால் முதல் வருடம் வெறும் இலையோடு நின்றுவிடலாம். எண்ணிக்கை குறைந்தாலும் 9, 10 அளவுள்ளதையே வாங்குங்கள்.

கூர்முனை மேலே இருக்கும்படி 10 சென்டிமீட்டர் ஆழம், 10 சென்டிமீட்டர் இடைவெளி. வெயில் விழும் இடம், தண்ணீர் தேங்காத மண். மண் பிசுபிசுப்பாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மணல் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், நன்கு மக்கிய உரம் போதும். பூ முடிந்ததும் அசிங்கமாக இருக்கிறது என்று இலையை வெட்டிவிடாதீர்கள். அடுத்த வருடக் கிழங்குக்குச் சோறு போடுவது அந்த இலைதான். தானாக மஞ்சளாகிச் சாயட்டும்.

தாடி ஐரிஸும் மலைக்குத்தான். ரைசோமின் முதுகு வெயிலில் தெரிய வேண்டும், வேர் மட்டும் மண்ணுக்குள். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

[திரையில்: மாடித் தோட்டம், விசிறி மாதிரி விரிந்த இலைகள்]

இப்போது சமவெளி. வசம்புச் செடியைப் பார்த்தவர்களுக்கு ஐரிஸ் குடும்பத்து இலை பழகியதாகவே தோன்றும், அதே வாள் வடிவம். நம் வெயிலைத் தாங்குகிற சொந்தக்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

எனக்கு முதலிடம் லெப்பர்டு லில்லிக்கு. பெயர்தான் லில்லி, ஆள் அசல் ஐரிஸ். ரொம்ப நாள் பெலம்கண்டா என்று தனிப் பெயரில் இருந்தது. மரபணுவைப் பார்த்துவிட்டு 2005-இல் ஐரிஸ் பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி தெளித்த பூ. ஒரு பூ ஒரு நாள்தான். மாலையில் உதிராமல், ஈரத்துணியைப் பிழிவது மாதிரி தன்னைத்தானே முறுக்கிச் சுருட்டிக்கொள்ளும். ஆனால் ஒரே தண்டில் அடுத்தடுத்து மொட்டு இருப்பதால் பல நாள் தொடரும். பிறகு காய் வெடித்துப் பளபளவென்று கருப்பு விதைக் கொத்து தெரியும். அதை எடுத்து விதைத்தாலே முளைக்கும், பூக்க ஓரிரு வருடம் பொறுக்க வேண்டும். நல்ல வெயில் கொடுங்கள்.

வெயில் குறைந்த பால்கனி என்றால் வாக்கிங் ஐரிஸ். பிரேசில் பக்கத்துச் செடி. பூத்து முடிந்த தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி முளைக்கும். அதன் கனத்தில் தண்டு வளைந்து மண்ணைத் தொட்டதும் அங்கேயே வேர் விடும். அந்தக் குட்டியிலும் இதே கதை. இப்படி நடந்து நடந்து தொட்டி நிறைந்துவிடும். யாரிடமாவது இருந்தால் குட்டியைக் கேட்டு வாங்குங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டிய செடியே இல்லை இது.

மூன்றாவது ஆப்பிரிக்கன் ஐரிஸ், நர்சரியில் டயட்டீஸ் என்றும் கேட்கலாம். வறட்சியைத் தாங்கும். வெள்ளைப் பூ ரகம் என்றால் ஒன்று மட்டும் கவனம்: பூ போன தண்டு பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள், அதே தண்டில் மறுபடியும் மொட்டு வரும். தொட்டி நெரிசலானால் மழைக்காலத் தொடக்கத்தில் கத்தியால் பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் இரண்டு மூன்று விசிறி இலைக் கொத்தும் இருக்கும்படி பிரித்து நடலாம்.

வீட்டில் நாய் இருந்தால் ஐரிஸ் கிழங்கு எதையும் அது தோண்டிக் கடிக்க விடாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். உங்களுக்கும் சாறு பட்டுக் கை அரிக்கலாம், பிரித்து நடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.