ஒரு நிலையம் ஊமையானால்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

கத்தோலிக்க வானொலிகள் ஒன்றுபட வேண்டும் என்று மாநாடுகளில் தீர்மானம் போடுவது புதிதல்ல. கைதட்டுவார்கள், மதிய உணவு முடிந்ததும் கலைந்து போவார்கள். என் கேள்வி ஒன்றுதான். ஒரு நிலையத்தின் வாய் அடைக்கப்படும் நாளில், அதற்காக இன்னொரு நிலையம் பேசுமா?

எல் சால்வடார் நாட்டின் பேராயர் ஆஸ்கார் ரொமேரோவின் ஞாயிறு மறையுரை, அவருடைய மறைமாவட்ட வானொலியில் நாடெங்கும் கேட்டது. அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிய விவரத்தையும் அதிலேயே சொல்லிவிடுவார். பத்திரிகைகள் தொடாத செய்தி அது. 1980 பிப்ரவரியில் அந்த நிலையத்துக்குக் குண்டு வைத்தார்கள். அப்போது கோஸ்டா ரிகாவிலிருந்து இயங்கிய ஒரு சிற்றலை நிலையம் அவருடைய குரலை ஒலிபரப்பியது. மார்ச் 23 அன்று, சொந்த மக்களைக் கொல்லாதீர்கள் என்று படைவீரர்களை நோக்கிப் பேசினார். மறுநாள் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொன்றார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து மணிலா. 1986 பிப்ரவரி 22 இரவு, பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸை எதிர்த்து இராணுவ முகாமுக்குள் இருந்த படையினரைக் காக்கத் திரண்டு வாருங்கள் என்று கர்தினால் ஹைமே சின் வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியில் கேட்டுக்கொண்டார். முகாமையொட்டிய எட்சா சாலை மக்களால் நிறைந்தது. மறுநாள் மலோலோஸில் இருந்த வேரித்தாஸ் ஒலிபரப்புக் கருவியை அரசுப் படையினர் அடித்து நொறுக்கினார்கள். மாற்றுக் கருவியும் சில மணி நேரத்தில் ஓய்ந்தது. ஜூன் கீத்லி என்ற அறிவிப்பாளர் விடவில்லை. இசை ஒலிபரப்பி வந்த ஒரு தனியார் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து 'ரேடியோ பந்திடோ', அதாவது கொள்ளைக்காரன் வானொலி என்ற பெயரில், விடிய விடிய பேசினார். 25ஆம் தேதி மார்க்கோஸ் நாட்டை விட்டு ஓடினார்.

இரண்டு கதையிலும் அடைக்கலம் கொடுத்தது கத்தோலிக்க நிலையம் அல்ல. இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் உறுத்துகிறது, இல்லையா?

அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1928இல் தொடங்கிய இரண்டு கத்தோலிக்க ஊடக அமைப்புகள் 2001இல் இணைந்து 'சிக்னிஸ்' ஆயின. எனக்குப் பிடித்தது லத்தீன் அமெரிக்காவின் 'அலேர்'. அங்கே திருச்சபை சார்ந்த கல்வி வானொலிகள் 1972இல் சேர்ந்து உருவாக்கியது அது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடங்களும் பயிற்சியும் பொது. ஒவ்வொரு நிலையமும் தன் ஊர் மொழியில், தன் ஊர்ச் சிக்கலைப் பேசும்.

நமக்கும் இதில் உறவு உண்டு. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப் பணியைச் சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே கேட்டவர்கள் இந்த உரையையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். 2018இல் சிற்றலை நின்று எல்லாம் இணையத்துக்குப் போனது. செலவுக் கணக்கில் அது சரிதான். ஆனால் சிற்றலைப் பெட்டிக்கு டேட்டா கட்டணம் தேவைப்படவில்லை.

இந்தியாவில் சமுதாய வானொலி என்று ஒன்று உண்டு, ஒரு ஊரின் மக்களுக்காக நடக்கும் சிறிய நிலையம். கத்தோலிக்கக் கல்லூரிகள் நடத்தலாம், நடத்துகின்றன. ஆனால் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவாக்கியதாக இருக்க வேண்டும். சிலர் இதைத் தடையாகப் பார்க்கிறார்கள். நான் பாதுகாப்பாகப் பார்க்கிறேன்.

ஏனென்றால் உதவி என்ற பெயரிலேயே ஒரு நிலையத்தைக் காலி செய்ய முடியும். அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து இயங்கும் இடபிள்யூடிஎன் என்ற கத்தோலிக்க ஒலிபரப்பு நிறுவனம், தன் வானொலி நிகழ்ச்சிகளைச் சிறிய நிலையங்களுக்கு இலவசமாகத் தருகிறது. நல்ல காரியம்தான். பணமில்லாத நிலையம் அதனால் பிழைக்கிறது. ஆனால் அந்த வசதியில் பழகி இருபத்து நாலு மணி நேரமும் அதையே ஓட்டத் தொடங்கினால், அப்புறம் உள்ளூர் அறிவிப்பாளர் எதற்கு என்ற கேள்வி வரும். அவர் போனபிறகு, கடல் சீற்றமாக இருக்கிறது, இன்று படகு இறக்காதீர்கள் என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது.

எனவே பெரிய நிலையங்களிடம் நான் கேட்பது நிகழ்ச்சியை அல்ல, ஆளை. கருவி பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பொறியாளரை மூன்று நான்கு சிறிய நிலையங்களுக்குப் பொதுவாக வைத்துச் சம்பளம் கொடுங்கள். உரிமம் புதுப்பிக்கும் தாள்வேலைக்கு ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யுங்கள். பழைய ஒலிப்பதிவுகளின் பிரதி இன்னொரு ஊரிலும் இருக்கட்டும். சிறிய நிலையங்களும் சும்மா வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். மீனவர்களோடும் தோட்டத் தொழிலாளர்களோடும் பேசி எடுத்த ஒரு நல்ல நிகழ்ச்சியை மாதம் ஒன்றாவது மற்றவர்களுக்கு அனுப்பலாம். வெளியிலிருந்து வருவதை இரவு நேரத்துக்கு வைத்துக்கொண்டு, காலை நேரத்தை உள்ளூர்க் குரலுக்கு விட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.