வாழைச்சேனை ஆலை வளவு வெற்று நிலமா?

வணக்கம் உறவுகளே. நாங்கள் கடதாசி ஆலை என்று சொல்லி வளர்ந்த, மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனைக் காகித ஆலையின் மதிலோரம் நின்று பேசுகிறேன். 1956 ஆம் ஆண்டு தொடங்கிய இந்த ஆலைக்கு அப்போது வைக்கோலே முக்கிய மூலப்பொருள். அறுவடை முடிந்ததும் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் இந்த வீதியில் வரிசையாக நின்றதை என் அம்மப்பா அடிக்கடி சொல்வார்.

ஊர் வளர வளர, இப்படிப்பட்ட பழைய ஆலை வளவுகளை "வெற்று நிலம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. வைக்கோலை எரிசோடா போன்ற காரத்தில் அவித்தே கூழாக்குவார்கள். அப்போது வடியும் கருநீரில் சிலிக்கா மிகுந்திருப்பதால், அதிலிருந்து காரத்தை மீட்டெடுப்பது மரக்கூழ் ஆலைகளைவிடக் கடினம்; மீட்காத காரம் கழிவோடு வெளியே போகும். ஆகவே கூழ்த்தொட்டி இருந்த இடம், வடிகால் ஓடிய வழி, எண்ணெய் சிந்திய தரை ஆகிய ஒவ்வொன்றின் மண்ணையும் தனித்தனியாகப் பரிசோதிக்காமல் அங்கே வீடோ பாடசாலையோ கட்டக்கூடாது. கரையோர மணலில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. பக்கத்து வீடுகளில் இன்னும் கிணற்று நீரையே அள்ளுகிறார்கள். பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளைச் சுத்தியலால் உடைத்து இறக்கினால் அதன் நுண்ணிழைகள் தொழிலாளியின் நுரையீரலுக்குள் போகும்.

மும்பையில் நடந்ததையும் நாம் கவனிக்க வேண்டும். 1982 ஆம் ஆண்டு தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்குள்ள துணி ஆலைகள் பல மூடப்பட்டன. அவற்றின் நிலத்தை மூன்றாகப் பங்கிட்டு, ஒன்றைத் திறந்தவெளிக்கும் ஒன்றைப் பொது வீடமைப்புக்கும் ஒதுக்கி, மீதியையே உரிமையாளர் எடுக்கலாம் என்று 1991 இல் விதி வந்தது. 2001 இல் அதைத் திருத்தி, கட்டடமில்லாத நிலத்தை மட்டுமே பங்கிட வேண்டும் என்றார்கள். "நிலம்" என்ற ஒரே சொல்லின் பொருள் மாறியதால் மக்களின் பங்கு பெருமளவு சுருங்கிற்று. 2006 இல் இந்திய உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது.

இதற்கு மாறாக, ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகரில் 1985 இல் மூடிய இரும்பாலையை இடிக்காமலே பூங்காவாக்கி, 1994 இல் திறந்தார்கள். இரும்பு உருக்கிய ஊது உலைகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

இந்த ஆலையில் வேலை செய்த ஐயாமாரிடமும் அம்மாமாரிடமும் ஒரு வேண்டுகோள். எந்தத் தொட்டி எங்கே இருந்தது, கழிவுநீர் எந்த வழியாக வெளியேறியது என்பதை உங்கள் நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். மண்ணை எங்கே தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் படமே முதலில் காட்டும்.