வேட்டுச் சத்தத்துக்கு நடுங்குகிற நாய்க்கு மாத்திரை கொடுக்கலாமா?

[திரையில்: ஒரு மரக்கதவின் கீழ்ப்பாதி. பெயிண்ட் உரிந்து நகக்கீறல்கள் தெரிகின்றன.]

இந்தக் கதவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கைப்பிடி பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாமே கீழே, நிலைப்படியை ஒட்டி இருக்கிறது. கதவிடுக்கில் மரத்தூள். தரையில் எச்சில் காய்ந்த திட்டு. வீட்டில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, உள்ளே தனியாக இருந்த நாய் செய்த வேலை இது.

பார்க்கிறவர்கள் "ரொம்பச் சேட்டை" என்பார்கள். சேட்டைக்கார நாய் செருப்பைக் கடிக்கும், குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும், நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் அதைச் செய்யும். ஆள் வெளியே போன சில நிமிடத்தில் வாசல் கதவை மட்டும் நகம் பெயரப் பிறாண்டுகிறது, எச்சில் ஒழுக ஊளையிடுகிறது என்றால் அது பயம். பிரிவுப் பதற்றம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வேட்டுச் சத்தத்துக்கு நடுங்குவதும் இதேபோலப் பயம்தான். அடித்துத் திருத்தப் பார்த்தால் பயம் இன்னும் கூடும்.

சரி, பயத்துக்கு மாத்திரை உண்டா? உண்டு. மனிதர்களின் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எழுதுகிற ஃப்ளூஆக்ஸெட்டின், நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே 2007-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியைப் பெற்றது. அதற்கு முன்பே, 1990-களின் கடைசியில், க்ளோமிப்ரமின் இதே காரணத்துக்காக அனுமதி வாங்கிவிட்டது. இரண்டில் எதைக் கொடுத்தாலும் பயிற்சியோடு சேர்த்துத்தான் தர வேண்டும் என்பது அந்த அனுமதியிலேயே இருக்கிறது. நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் மனிதர்களுக்கான மாத்திரையையே எழுதித் தருவார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, மருந்து அதேதான்.

"நாய் நாள் பூரா தூங்கிக்கிட்டே கிடக்குமா?" என்று கேட்பார்கள். சரியான மருந்து சரியான அளவில் போனால் கிடக்காது. முதல் சில நாட்களில் கொஞ்சம் சோர்வு இருக்கலாம், சாப்பாடு குறையலாம், ஓரிரு முறை வாந்தி எடுக்கலாம். அது தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்.

மூளையில் செரட்டோனின் என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. நரம்பு செல் அதை வெளியே விட்டதும், கொஞ்ச நேரத்தில் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரைகள் அந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன. செரட்டோனின் கூடுதல் நேரம் தங்குகிறது. அதற்கு ஏற்றபடி மூளை மாறிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். பலன் முழுதாகத் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சில சமயம் எட்டு வாரம்கூட ஆகலாம். பத்தாவது நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிட்டால், மருந்து தன் வேலையைத் தொடங்கும் முன்னரே நிறுத்தியதாகிவிடும்.

[திரையில்: கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிய நாய். நீட்டிய கையில் கோழித் துண்டு.]

பயிற்சி எதற்கு என்பதற்கு இந்தக் காட்சியே பதில். பயத்தின் உச்சியில் இருக்கிற நாய், மூக்கருகே கோழித் துண்டை நீட்டினாலும் முகர்ந்துகூடப் பார்க்காது. அந்த நிலையில் அதற்கு எதையும் கற்றுத்தர முடியாது. மாத்திரை அந்தப் பயத்தை ஒரு படி இறக்குகிறது. கறித்துண்டை வாங்கித் தின்கிற அளவுக்கு இறங்கினால் போதும், பயிற்சியை அங்கே தொடங்கலாம். வேட்டுச் சத்தத்தை மொபைலில் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் ஓட விடுங்கள், கறித்துண்டு கொடுங்கள். நாய் நிம்மதியாகத் தின்றால் நாளைக்கு ஒரு புள்ளி கூட்டுங்கள். காதை மடக்கிக்கொண்டு கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ சத்தத்தைக் குறையுங்கள். பிரிவுப் பதற்றம் என்றால் கதவைத் திறந்து வெளியே போய் ஐந்து விநாடியில் உள்ளே வாருங்கள். பிறகு பத்து, பிறகு முப்பது. அலுப்பான வேலைதான். ஆனால் நாய் புதிதாகக் கற்றுக்கொள்வது இங்கேதான்.

இனி மதுரைக்காரர்களுக்கான சிக்கலுக்கு வருவோம். இங்கே வேட்டுக்கு நாள் கிழமை கிடையாது. முளைப்பாரி, காதுகுத்து, கட்சி ஊர்வலம், கேத வீடு என்று எதற்கும் வெடி. இறுதி ஊர்வலம் திடீரென்று தெருமுனையில் திரும்பும்போது சரவெடி கொளுத்துவார்கள், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். தேதி தெரிந்த சத்தத்துக்கு ஒரு வகை மருந்து, தெரியாத சத்தத்துக்கு வேறு வகை. இந்தப் பிரிவு புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தேதி தெரிந்தால் அன்றைக்கு மட்டும் கொடுக்கிற மருந்து போதும். ட்ரசடோன், கபாபென்டின் இரண்டும் இந்த வகை. சத்தம் தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். நாய் நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு. தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று தமிழக அரசு நேரம் வைத்திருக்கிறது. ஆனால் தெருவில் விடிவதற்கு முன்பே வெடிப்பார்கள், அதைக் கணக்கில் வைத்து மருத்துவரிடம் நேரம் கேளுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கிற எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் குடியிருப்பவர்களுக்கும் இதுதான். அப்புறம் ஒன்று: தீபாவளி அன்றைக்குத்தான் முதல் மாத்திரை என்று வைக்காதீர்கள். சத்தமில்லாத ஒரு நாளில், வீட்டில் ஆள் இருக்கும்போது கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நாய்க்கு நாய் மாறும்.

எப்போது வெடிக்கும் என்றே தெரியாத தெருவில் இருக்கிறீர்கள், நாய் தினமும் ஒடுங்கிக் கிடக்கிறது என்றால், தினமும் தருகிற ஃப்ளூஆக்ஸெட்டின் வகைதான் பொருத்தம். சில நேரம் மருத்துவர் இரண்டு வகையையும் சேர்த்து எழுதுவார்.

அசிப்ரோமசின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய மயக்க மருந்து. கொடுத்தால் நாய் அசையாமல் படுத்துவிடும், வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி. ஆனால் அது உடம்பைத்தான் கட்டிப்போடுகிறது, பயத்தைக் குறைப்பதில்லை. நாய்க்குச் சத்தம் முழுதாகக் கேட்கும், எழுந்து ஓடத்தான் முடியாது. வெடிப் பயத்துக்கு இதை மட்டும் தனியாக எழுதித் தந்தால், வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. மனிதர்களின் பதற்றத்துக்குத் தருகிற அல்பிரசோலம் நம் சட்டத்தில் எச் 1 பட்டியலில் இருக்கிறது, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதோடு, பயத்தால் ஒதுங்கியிருந்த நாய் இந்த வகை மருந்தில் பயம் விட்டுப்போய்க் கடிக்கத் துணியலாம். பூனைக்கு இதே வகையைச் சேர்ந்த டயசிபாம் மாத்திரை கொடுத்துக் கல்லீரல் கெட்டு இறந்த பதிவுகள் உண்டு. கபாபென்டின் சிரப் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருப்பார்கள், அது நாய்க்கு விஷம். அளவிலும் நம் கணக்கு உதவாது. ஃப்ளூஆக்ஸெட்டின் நாய்க்கு எடைக்கு எடை மனிதரைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். பூனைக்கோ நாயைவிடக் குறைவு.

[திரையில்: உண்ணி மருந்துக் குப்பி, பக்கத்தில் மாத்திரை அட்டை.]

நம் வெயிலுக்கு உண்ணித் தொல்லை அதிகம். உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுகிற மருந்துகளில் அமிட்ராஸ் என்பதும் ஒன்று. ஃப்ளூஆக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் எடுக்கிற நாய்க்கு அமிட்ராஸ் ஆகவே ஆகாது. இரண்டும் சேர்ந்தால் உடல் சூடேறி, நடுக்கம், வலிப்பு வரை போகலாம். வலிக்குத் தருகிற ட்ராமடாலும் இப்படித்தான். எனவே என்ன பூசுகிறீர்கள், என்ன கொடுக்கிறீர்கள் என்பதை ஒன்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குப்பியையே எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

மருத்துவர் முதலில் உடம்பைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். தொட்டால் உறுமுகிற கிழ நாய்க்கு இடுப்பு மூட்டில் வலி இருக்கலாம். மெத்தையில் சிறுநீர் கழிக்கிற பூனைக்குச் சிறுநீர்ப்பையில் கோளாறு இருக்கலாம். ஆண் பூனை முக்கிமுக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பதற்ற மாத்திரை பற்றிய பேச்சு. கல்லீரல், சிறுநீரக இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு தொடங்குவது நல்லது. ஆள் இல்லாதபோது நாய் செய்வதை ஒரு பழைய மொபைலில் வீடியோ எடுத்துப் போங்கள். நாம் வாயால் சொல்வதைவிட அது நிறையச் சொல்லும்.

தடுப்பூசி போடாத நாய் திடீரென்று குணம் மாறினால், காரணமில்லாமல் பாய்ந்தால், எச்சில் ஒழுகினால், வெறிநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். தனியே அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடி பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.

எவ்வளவு காலம் கொடுப்பது? பயம் அடங்கிய பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். பிறகு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தக் கூடாது. சில நாய்கள் அதன்பின் மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கும், சிலவற்றுக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும், அதில் குற்றம் எதுவும் இல்லை. குறைக்கத் தொடங்குவதற்கு முன் உங்கள் தெருக்கோயில் திருவிழா எந்த மாதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி நெருங்கும்போது குறைக்காதீர்கள், கார்த்திகை தீபமும் கழியட்டும் என்று மருத்துவரிடம் கேட்டுத் தேதியைத் தள்ளி வையுங்கள்.